வெவ்வேறு பெட்டிகளின் உதிரிகளைச் சேர்த்து ஒரு கிராமபோனைப் பாட வைக்க முடியுமா?

கேட்டவர் கையில் இருப்பவை இவை: ஹெச்.எம்.வி. போர்ட்டபிள் பெட்டியிலிருந்து கழற்றிய ஒரு ஸ்பிரிங் மோட்டார், எந்தக் கம்பெனி என்று தெரியாத ஒரு டோன் ஆர்ம் (ஊசித் தலையைத் தாங்கி, சத்தத்தை ஹார்னுக்குக் கொண்டுபோகும் குழாய்க் கை), வேறொரு மிஷினிலிருந்து வந்த மைக்கா சவுண்ட் பாக்ஸ் (ஊசியின் அதிர்வை மைக்காத் தகட்டால் சத்தமாக மாற்றும் வட்டத் தலை), சென்ட்ரலுக்குப் பக்கத்தில் அல்லிக்குளம் வளாகத்தில் வாங்கிய பித்தளை ஹார்ன், வீட்டுப் பரணில் கிடந்த காலி மரப்பெட்டி. தாத்தா விட்டுப்போன கிட்டப்பா, சுந்தராம்பாள் ரெக்கார்டுகளை இதில் கேட்க வேண்டும். "எல்லாம் ஒரே கம்பெனி இல்லையே, சேருமா?" என்று கேட்டிருக்கிறார். கம்பெனி பெயரைப் பற்றி அவ்வளவு கவலைப்பட வேண்டாம். எந்தப் பாகம் எதோடு பொருந்தியே தீர வேண்டும், எது எப்படி இருந்தாலும் பரவாயில்லை என்பதுதான் இதில் உள்ள உண்மையான கேள்வி. கடிகாரம், தையல் மிஷின், கிராமபோன் என்று ஸ்பிரிங்கும் பல்சக்கரமும் உள்ளவற்றைப் பழுதுபார்த்தே காலம் ஓட்டியவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

சுருக்கமாகச் சொன்னால், பாடும். மோட்டாரின் வேலை ரெக்கார்டு வைக்கும் தட்டைச் சீராகச் சுற்றுவது மட்டும்தான். தனக்கு மேலே எந்த ஆர்ம் நிற்கிறது, எந்த ஹார்ன் இருக்கிறது என்பது அதற்குத் தெரியாது. அந்தக் காலத்திலேயே பல சின்னக் கம்பெனிகள் இங்கிலாந்தின் கேரார்டு மோட்டாரையோ சுவிட்சர்லாந்தின் தோரன்ஸ், பயார் மோட்டாரையோ வாங்கித் தங்கள் பெட்டிக்குள் வைத்துத் தங்கள் பெயரில் விற்றன. அதனால் கலவை மிஷின் என்பதில் புதுமையோ கேவலமோ இல்லை. உங்களுடையது தட்டு ரெக்கார்டு போடும் மிஷின் என்பதும் அதிர்ஷ்டம். எடிசனின் உருளை ஃபோனோகிராஃபாக இருந்திருந்தால் இந்தப் பதிலை எழுதியே இருக்க மாட்டேன். அதில் அங்குலத்துக்கு 100 வரி (ஊசி ஓடும் பள்ளம்) கொண்ட இரண்டு நிமிட உருளை ஒன்று, 1908இல் வந்த 200 வரி கொண்ட நான்கு நிமிட உருளை இன்னொன்று. ஒவ்வொன்றுக்கும் தனிப் பல்சக்கர விகிதம், தனி ஊசி. ஒரு பாகம் மாறினாலும் கதை முடிந்தது. தட்டு மிஷினில் ஊசியை இழுத்துச் செல்வது ரெக்கார்டின் வரியே என்பதால் இந்தத் தொல்லை கிடையாது. ஆனால் அதே காரணத்தால்தான் ஆர்ம் பொருத்துவதில் கவனம் தேவைப்படுகிறது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முதலில் மோட்டார். ஒரு எச்சரிக்கையோடு தொடங்குகிறேன்: ஸ்பிரிங்கில் சாவி ஏறியிருக்கும்போது, வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரைத் தொடாதீர்கள். அதைக் கழற்றினால் தடுப்பார் இல்லாமல் பல்சக்கரங்கள் கண்மூடித்தனமாகச் சுற்றும். பற்கள் சிதைவது நிச்சயம், விரல் போவதும் நடக்கும். பிரேக்கை எடுத்துவிட்டுத் தட்டு தானாக நிற்கும்வரை ஓட விடுங்கள். துரு, காய்ந்த கிரீஸ் காரணமாக நடுவில் சிக்கி நின்றிருந்தால், நின்றுவிட்டது என்பதால் முறுக்கு இறங்கிவிட்டது என்று நம்ப வேண்டாம். முழுக்க இறங்கிய பிறகும் ஸ்பிரிங் தன் டப்பாவுக்குள் அடக்கித்தான் வைக்கப்பட்டிருக்கும். அதை வெளியே எடுக்கும்போது தோல் கையுறை, கண்ணாடி இரண்டும் வேண்டும். நடுவிலிருந்து ஒவ்வொரு சுற்றாக, டப்பாவைச் சாக்கில் சுற்றிப் பிடித்தபடி விட வேண்டும். இதில் பழக்கம் இல்லையென்றால் சுவர்க் கடிகாரம் பார்க்கும் ஆள் யாரிடமாவது கொடுத்துவிடுங்கள். இந்த ஒரு வேலைக்குக் காசு கொடுப்பதில் தப்பே இல்லை.

வெளியே வந்த ஸ்பிரிங்கை மண்ணெண்ணெயில் கழுவி, துணியால் துடைத்து, விரிசல் இருக்கிறதா என்று ஒளியில் பார்க்க வேண்டும். பழைய கிரீஸ் தார் மாதிரி இறுகிப்போய் சுற்றுகள் ஒட்டிக்கொண்டிருக்கும். பாடிக்கொண்டிருக்கும்போது பெட்டிக்குள் 'டொம்' என்று சத்தம் வந்து வேகம் ஒரு கணம் தடுமாறுகிறது என்றால் அதுதான் காரணம்: ஒட்டியிருந்த சுற்று திடீரென விடுபடுகிறது. உள்முனையில், கொக்கி மாட்டும் துளைக்குப் பக்கத்தில் உடைந்திருந்தால் பயப்பட வேண்டாம். அந்தச் சின்ன நுனியை மட்டும் சூடாக்கி இளக்கி, புதுத் துளை போட்டுக்கொள்ளலாம். ஓரிரு அங்குலம் குறைவதால் ஒன்றும் ஆகாது. நடுவில் உடைந்திருந்தால் வேறு ஸ்பிரிங்தான். அப்போது பார்க்க வேண்டியது கம்பெனி பெயரை இல்லை. அகலம், தடிமன், நீளம், முனைகளில் உள்ள துளையின் வடிவம். நீளமான ஸ்பிரிங் போட்டால் அதிக நேரம் பாடும் என்று நினைப்பார்கள். டப்பாவுக்குள் இருக்கும் காலி இடத்தில் ஏறக்குறைய பாதியை ஸ்பிரிங் அடைத்தால்தான் அதிகச் சுற்றுகள் கிடைக்கும். அதற்கு மேல் திணித்தால் விரிய இடமில்லாமல் சுற்றுகள் குறையும். திரும்பப் போடும்போது மாலிப்டினம் கலந்த நல்ல கிரீஸ், மிதமாக.

அடுத்து கவர்னர். பட்டை ஸ்பிரிங்குகளில் மாட்டிய சின்னச் சின்ன எடைகள், பெரும்பாலும் மூன்று, ஒரு தண்டைச் சுற்றி ஓடும். வேகம் கூடினால் எடைகள் வெளியே விரியும், அப்போது தண்டில் உள்ள வட்டத் தகடு நகர்ந்து ஒரு ஃபெல்ட் (அழுத்திய கம்பளி) துண்டில் உரசும், வேகம் குறையும். நீங்கள் திருகும் வேகக் குமிழ் அந்த ஃபெல்ட்டைத்தான் முன்னும் பின்னும் தள்ளுகிறது. பாட்டு அழுவது மாதிரி ஏறி இறங்கினால் முதலில் இங்கே பாருங்கள். ஃபெல்ட் காய்ந்து கல்லாகியிருக்கும். ஒரு சொட்டு தையல் மிஷின் எண்ணெயிலேயே சில சமயம் சரியாகிவிடும். மூன்று பட்டைகளில் ஒன்று மட்டும் உடைந்து, வேறு தடிமனில் மாற்றியிருந்தால் எடைகள் சமமாக விரியாது, தண்டு உதறும். மாற்றினால் மூன்றையும் ஒரே தடிமனில் மாற்றுங்கள். கவர்னர் தண்டின் இரு முனைகளையும் தாங்கும் வளையங்களான புஷ்களில் ஆட்டம் இருந்தாலும் இதே கோளாறு வரும். பெரும்பாலான மோட்டார்களில் அந்த புஷ்ஷைக் கொஞ்சம் தள்ளி வைத்துச் சரிசெய்ய இடம் விட்டிருப்பார்கள்.

டர்ன்டேபிளும் மோட்டாரும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டியவை. தண்டின் மேல்முனை சிலவற்றில் கூம்பாகக் குறுகும், சிலவற்றில் குறுக்கே ஒரு முளை இருக்கும். வேறு மிஷினின் தட்டை அதில் அடித்து இறக்காதீர்கள். லேத் பட்டறையில் ஒரு புஷ் கடைந்து வாங்குவது சின்ன வேலை. சாவிக் கைப்பிடியும் அப்படியே. மரை போட்டது, செருகுவது என்று வகைகள் உண்டு.

வேகத்தைக் காதால் வைக்காதீர்கள். நிமிடத்துக்கு 78 சுற்று. அதற்கு ஒரு ஸ்ட்ரோபோஸ்கோப் தாள் போதும்: நம் ஊர் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்கு 77 கோடுகள் போட்ட வட்டம். விளக்கு நொடிக்கு 100 முறை துடிப்பதால், தட்டு 77.92 சுற்றில் ஓடும்போது கோடுகள் அசையாமல் நிற்பதாகத் தெரியும். இன்றைய எல்.இ.டி. பல்புகள் பலவும் அப்படித் துடிப்பதில்லை. பழைய சோக் வைத்த டியூப்லைட்டின் கீழ் பாருங்கள். அதுவும் இல்லையென்றால் ரெக்கார்டுக்கு அடியில் ஒரு காகிதத் துண்டைச் செருகி ஒரு நிமிடம் சுற்றுகளை எண்ணலாம். எப்படிச் செய்தாலும் ஊசி ரெக்கார்டில் ஓடிக்கொண்டிருக்கும்போது அளக்க வேண்டும். வெறும் தட்டு சரியாக ஓடி, ஊசி வைத்ததும் தளர்ந்தால் உங்கள் மோட்டார் அந்த சவுண்ட் பாக்ஸைத் தாங்கவில்லை என்று அர்த்தம். 1920களுக்கு முந்தைய ரெக்கார்டுகளில் பல, சரியாக 78இல் பதிவானவை கிடையாது. அவற்றுக்கு மட்டும் சுருதி பார்த்துக் கொஞ்சம் கூட்டிக் குறைக்கலாம்.

இனி ஆர்ம். கலவை மிஷின்களில் பத்துக்கு ஒன்பது கெட்டுப்போவது இங்கேதான், காரணம் எளிது: பெட்டியில் ஏற்கனவே ஒரு துளை இருக்கும், அதிலேயே கையில் கிடைத்த ஆர்மை மாட்டிவிடுவார்கள். அந்தத் துளை பழைய ஆர்மின் நீளத்துக்குப் போட்டது. ஆர்மின் சுழல் மையத்துக்கும் தட்டின் நடுத்தண்டுக்கும் உள்ள தூரத்தை உங்கள் ஆர்ம்தான் தீர்மானிக்க வேண்டும். இங்கிலாந்தில் 1924இலேயே பெர்சி வில்சன் இதைக் கணக்குப் போட்டு 'தி கிராமபோன்' பத்திரிகையில் எழுதிவிட்டார். நமக்கு அந்தக் கணிதம் தேவையில்லை. அட்டையில் ஒரு புள்ளியை மையமாக வைத்து ஒரு கோடு இழுங்கள். மையத்திலிருந்து 60 மில்லிமீட்டரிலும் 110 மில்லிமீட்டரிலும் புள்ளி வைத்து, அவற்றில் செங்குத்தாகச் சின்னக் கோடுகள் போடுங்கள். மையத்தில் துளையிட்டு அட்டையைத் தண்டில் மாட்டி, ஊசியைப் புள்ளியில் வைத்து மேலிருந்து பாருங்கள். சவுண்ட் பாக்ஸின் முகம் அந்தச் செங்குத்துக் கோட்டுக்கு இணையாக இருக்க வேண்டும். இரண்டு இடத்திலும் கச்சிதமாக இருக்காது, இருக்கவும் வேண்டாம். பிழை இரண்டிலும் சிறியதாக இருக்கும் இடத்தைத் தேடுங்கள். பெட்டியில் துளை போடுவதற்கு முன் ஒரு சாதாரணப் பலகையில் மோட்டாரையும் ஆர்மையும் கிளாம்ப் போட்டு நிறுத்திப் பாருங்கள். நடுத்தண்டின் பக்கம் ஆர்மைக் கொண்டுபோனால், வளைந்த ஆர்ம்களில் ஊசி தண்டைச் சற்றுத் தாண்டிப் போகும். நேரான ஆர்ம்களில் தண்டுக்குச் சற்று முன்னால் நிற்பதே நல்லது.

உயரமும் முக்கியம். ஊசி ரெக்கார்டின் பரப்போடு சுமார் 60 டிகிரி கோணத்தில் சாய்ந்து, ஓடும் திசைக்குப் பின்னால் இழுபடுவது போல நிற்க வேண்டும். ஆர்ம் உயரமாக இருந்தால் ஊசி குத்திட்டு நிற்கும், தாழ்ந்தால் சவுண்ட் பாக்ஸின் விளிம்பு ரெக்கார்டில் இடிக்கும். அடியில் மர வளையம் போட்டு ஏற்றிக்கொள்ளலாம். மட்டம் பார்க்கும் குமிழிக் கருவியைத் தட்டில் வைத்துப் பெட்டியைச் சமமாக நிறுத்துங்கள். அதன் பிறகு ஆர்மை ஒரு விரலால் லேசாகத் தள்ளினாலே நகர வேண்டும். ஆர்ம் இறுக்கமாக இருந்தால் அதை நகர்த்தும் பாரம் முழுவதும் ரெக்கார்டு வரியின் ஒரு பக்கச் சுவரில் விழும். அந்தச் சுவர் தேய்ந்தால் திரும்ப வராது.

சவுண்ட் பாக்ஸுக்கு வருகிறேன். உங்களுடையது மைக்கா என்கிறீர்கள். முதலில் அது எந்த வகை ரெக்கார்டுக்கானது என்று பாருங்கள். பாதே கம்பெனி ரெக்கார்டுகளில் வரி மேலும் கீழுமாக அலையும். அந்தக் கம்பெனி மிஷின்களின் சவுண்ட் பாக்ஸில் நீலக்கல் குமிழ் இருக்கும், பொருத்தும் திசையும் வேறு. அது உங்கள் ரெக்கார்டுகளுக்கு உதவாது. பக்கவாட்டில் அலையும் வரிக்கான சாதாரண எஃகு ஊசி வகை என்றால் சரி. அதைக் கட்டாயம் பிரித்துப் புதுப்பிக்க வேண்டும். மைக்காத் தகட்டின் இரு புறமும் இருக்கும் ரப்பர் வளையங்கள் அந்தக் காலத்தவை என்றால் இப்போது மரக்கட்டையாக இருக்கும். தகடு மெத்தென்ற பிடியில் அதிர வேண்டும், காற்றும் கசியக் கூடாது. இரண்டையும் செய்வது அந்த ரப்பர்தான். அதே பருமனில் உள்துளை உள்ள மிருதுவான சிலிக்கான் குழாயை வாங்கி, முனைகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல் சரியாகத் தொடும்படி வெட்டிப் போடுங்கள். ஊசிக் கம்பி தகட்டின் நடுவில் திருகப்பட்ட இடத்தைச் சுற்றி ஒரு துளி தேன்மெழுகை உருக்கி விட வேண்டும். மைக்காவில் வெண்மையாகப் பூத்திருந்தால் அடுக்குகள் பிரிந்திருக்கின்றன, மாற்றுவதே மேல். இஸ்திரிப் பெட்டிக்கு விற்கும் மைக்கா தடிமனாகவும் அழுக்காகவும் இருக்கும், அதைப் பிரித்து ஒப்பேற்றலாம் என்று சிலர் சொல்வார்கள். எனக்குத் திருப்தி இல்லை. தெளிவான மெல்லிய தகடாகத் தேடி வாங்குங்கள்.

சவுண்ட் பாக்ஸின் கழுத்தில் உள்ள ரப்பர் புஷ்ஷும் இறுகியிருக்கும். உங்கள் ஆர்மின் முனை விட்டமும் சவுண்ட் பாக்ஸின் துளையும் ஒத்துப்போகாவிட்டால் புது ரப்பர் புஷ் வைத்து இணைக்கலாம். உலோகத்தோடு உலோகம் நேராகத் தொட்டால் மோட்டாரின் இரைச்சல் ஹார்னில் கேட்கும். எல்லாம் மாட்டிய பிறகு ஊசியை விரலால் லேசாகத் தட்டுங்கள். ஹார்னிலிருந்து தெளிவான ஒரு தட்டல் கேட்டால் நல்லது. 'ஜிர்ர்' என்று வந்தால் எங்கோ தளர்வு, இல்லை விரிசல்.

வாங்கும்போதே பார்த்து ஒதுக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. ஆர்ம், சவுண்ட் பாக்ஸின் பின்மூடி போன்றவற்றைப் பிற்காலத்தில் துத்தநாகக் கலவையில் வார்த்தார்கள். அந்தக் கலவையில் ஈயம் போன்ற அசுத்தம் கலந்திருந்தால் காலப்போக்கில் உள்ளுக்குள் அரித்து, உப்பி, வெடிக்கும். மேலே நிக்கல் பூச்சு பளபளவென்று இருக்கும். உள்ளே மயிரிழை விரிசல்கள். அதற்கு வைத்தியம் கிடையாது. எம்சீல் வைத்து ஒட்டினால் கொஞ்ச நாள் ஓடும். பித்தளையில் செய்த பாகம் கிடைக்கும்வரை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஹார்னைப் பொறுத்தவரை நிறமும் இதழ் வடிவமும் சத்தத்தை மாற்றுவதில்லை. நீளமும் வாயின் அகலமும்தான் எவ்வளவு கீழ்ஸ்தாயி கேட்கும் என்பதைத் தீர்மானிக்கின்றன. குட்டை ஹார்னில் மிருதங்கத்தின் தொப்பி கேட்காது, வலந்தலை மட்டும் கேட்கும். ஆர்மின் துளை முடியும் இடத்தைவிட ஹார்னின் கழுத்து குறுகலாக இருக்கக் கூடாது. இணைப்பில் காற்றுக் கசிவு கூடாது. ஃபெல்ட் அல்லது தோல் பட்டை சுற்றுங்கள். ஹார்னின் பாரத்தைப் பின்னால் உள்ள தாங்கி சுமக்க வேண்டும்; ஆர்ம் சுமக்கக் கூடாது. இப்போது கடைகளில் கிடைக்கும் பளபளக்கும் பித்தளை ஹார்ன் பெரும்பாலும் சமீபத்தில் அடித்தது. நம் நாட்டில் பழைய போர்ட்டபிள் மோட்டாரைப் புதுப் பெட்டியில் வைத்து, புது ஹார்ன் மாட்டி, ஹெச்.எம்.வி.யின் நாய் படம் ஒட்டி 'நூறு வருடப் பழசு' என்று விற்பது பெரிய வியாபாரம். பாடுவதற்கு அது குறையில்லை. தட்டினால் மணி மாதிரி நீண்டு ஒலிக்கிறதா என்று மட்டும் பாருங்கள். அப்படியென்றால் சில ஸ்வரங்களில் தானும் சேர்ந்து பாடும். விளிம்பை இறுக்கி, கழுத்தில் ஃபெல்ட் வைத்தால் கொஞ்சம் அடங்கும்.

இதுவரை சொன்னவை நிச்சயமானவை. இந்தக் கலவை எப்படி ஒலிக்கும் என்பதை மட்டும் கேட்காமல் யாராலும் சொல்ல முடியாது. ஒவ்வொரு சவுண்ட் பாக்ஸும் ஒரு குறிப்பிட்ட ஆர்ம், ஹார்ன் நீளத்தை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டது. 1925க்குப் பிறகு மைக்ரோபோன் வழியாகப் பதிவு செய்யத் தொடங்கியதும் அலுமினியத் தகடு வைத்த சவுண்ட் பாக்ஸ்கள் வந்தன. கிட்டப்பா கடைசிக் காலத்தில் கொடுத்த ரெக்கார்டுகளை மைக்காவில் போட்டால் பாடும், ஆனால் அலுமினியத் தகட்டில் இன்னும் விரிந்து கேட்கலாம். இரண்டையும் மாற்றி மாட்டிப் பார்த்து, எது உங்கள் ஹார்னோடு ஒத்துப்போகிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள். இங்கே சாஸ்திரத்தைவிடக் காதுதான் பெரியது.

இதை ஆன்டிக் என்று சொல்லலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். பாகங்கள் பழையவை, மிஷின் புதியது, அப்படியே சொல்லுங்கள். எப்போதாவது விற்றால் எது எங்கிருந்து வந்தது என்று எழுதிக் கொடுங்கள். நாய் படம் போட்ட தகடு மட்டும் ஒட்ட வேண்டாம். அந்தப் படமே ஒரு கலவைதான் என்பது வேறு விஷயம்: ஓவியர் பிரான்சிஸ் பாராடு முதலில் அந்த நாயை ஓர் உருளை ஃபோனோகிராஃபின் முன்னால்தான் வரைந்திருந்தார். 1899இல் படத்தை வாங்கிய கிராமபோன் கம்பெனி அந்த ஃபோனோகிராஃபை அழித்துத் தன் மிஷினை அங்கே வரைய வைத்தது. போர்ட்டபிள் முழுசாகக் கிடைத்தால் அதை உடைத்துப் பாகம் எடுக்காதீர்கள். ஏற்கனவே பிரிந்து கிடப்பதை மட்டும் சேருங்கள்.

கடைசியாக, தாத்தாவின் ரெக்கார்டுகள். அவற்றை முதல் நாளே போடாதீர்கள். பழைய கடையில் மலிவாகக் கிடைக்கும் யாருக்கும் வேண்டாத 78 ஒன்றை வாங்கி, அதே பக்கத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டுங்கள். வரி சாம்பல் நிறமாக வெளுத்துத் தூள் பறந்தால் ஆர்மின் இடமோ இறுக்கமோ சரியில்லை. ஒவ்வொரு பக்கத்துக்கும் புது எஃகு ஊசி. ரெக்கார்டின் அரக்கில் கலந்திருக்கும் கல்தூள் முதல் சில சுற்றுகளிலேயே ஊசியைத் தன் வரிக்கேற்ப அரைத்துக்கொள்ளும். பக்கம் முடியும்போது ஊசியின் நுனி உளியாகியிருக்கும். இரண்டாவது பக்கத்துக்கும் அதையே வைத்தால் அந்த உளி வரியைச் செதுக்கும். சவுண்ட் பாக்ஸ் ஊசியில் இறக்கும் பாரம் நூறு கிராமுக்கு மேல். எல்.பி. ரெக்கார்டு சில கிராமுக்குச் செய்யப்பட்டது, அதை மறந்தும் போடாதீர்கள். 1950, 60களில் வந்த சினிமாப் பாட்டு 78களும் இந்த மிஷினுக்கு ஆகாது. அவை எடை குறைந்த மின்சார ஊசித் தலையை (பிக்கப்) எண்ணி உரக்கப் பதிவானவை. உலகமே 78ஐ விட்ட பிறகும் நம் நாட்டில் 60களில் பீட்டில்ஸ் பாட்டுகூட 78இல் வந்தது. அவற்றை மின்சார பிளேயரில் கேளுங்கள். கிட்டப்பாவையும் சுந்தராம்பாளையும் ஒரு முறை அப்படி மின்சார பிளேயரில் ஓட்டிப் பதிவு செய்து வைத்துவிட்டு, அதற்கப்புறம் உங்கள் மிஷினில் எப்போதாவது போடுங்கள்.